தலைக்கட்டு வரி

போன வாரம் எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. உங்களில் சிலருக்கும் வந்திருக்கும். இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவனுக்கு மாதாமாதம் பணம், அரிசி, வீடு, கரண்ட் எல்லாம் சும்மா, மலையில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டு, கீழே கோபமான முகங்கள் நாலு. அனுப்பியவர் என்னோடு வேலை பார்த்தவர், நல்ல மனிதர். என் மூத்த பெண் கல்யாணத்துக்குப் பந்தியில் நின்று பரிமாறியவர். அவருடைய செய்திக்குக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டியவர்கள் பதினோரு பேர். உட்கார்ந்து எண்ணினேன்.

குழுவில் பதில் போட்டால் சண்டையாகிவிடும். அட்மின் வேறு "அரசியல் வேண்டாம்" என்று கைகூப்புவார். அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தப் பதினோரு பேரும் இதைப் படிக்கிறவர்கள்தான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். முகாமில் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். வீட்டில் உள்ள மற்ற பெரியவர்களுக்கு ஆளுக்கு 1,000. குழந்தைக்கு 500. இதுவும் 2021-ல் உயர்த்திய பிறகு. அதற்கு முன்னால் 1,000, 750, 400. நம் குழுவில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாங்குகிறவர்கள் மருந்துக்கடை பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். வீடு என்கிறார்கள். முப்பது வருஷம் பத்துக்குப் பத்து அறையில், தகரத்துக்கும் ஓலைக்கும் கீழே இருந்த பிறகு, 2021 ஆகஸ்டில் 7,469 வீடுகள் கட்டித் தருவதாக அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் நம்ம ஊர்க்காரன் வீடு கட்டினால் பட்டாவை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போவான். அந்த வீட்டை வைத்து அவர்களால் பேங்கு வாசலை மிதிக்க முடியாது.

நமக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மலைக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் வரத் தாமதமானது உண்மை. அதற்காக நானும் மனு எழுதியிருக்கிறேன். ஆனாலும் நமக்கு ஓட்டு இருக்கிறது. சேந்தமங்கலம் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கிய தொகுதி. நம் ஓட்டைக் கேட்டு ஒருவர் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்தாக வேண்டும். முகாமில் கிடப்பவனைத் தேடி அப்படி எவனும் வரமாட்டான். ஓட்டில்லாதவன் வீட்டு வாசலில் யார் வந்து கும்பிடுவார்கள்?

2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழரின் மனு வந்தபோது, உலகத்தில் உள்ள அகதிகளையெல்லாம் வைத்துக்கொள்ள இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் இல்லை என்ற பொருளில் நீதிபதி பேசினார். அந்தச் செய்தியும் குழுவில் வந்தது, அதற்கும் கட்டை விரல்கள். எனக்கும் அந்த வார்த்தையில் உடன்பாடுதான். சத்திரம் இல்லை. சத்திரத்தில் மூன்று நாள் தங்குவார்கள், ஒரு வாரம் தங்குவார்கள். 1990-ல் கைக்குழந்தையோடு வந்தவள் இன்றைக்குப் பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறாள் என்றால் அது சத்திரமா? அது ஊர். ஊர் என்று ஒத்துக்கொள்ள நமக்கு மனசில்லை, அவ்வளவுதான்.

நான் சொல்ல வருவது இலவசத்தை இன்னும் கூட்டுங்கள் என்பதல்ல. அவர்களுக்குக் கொடுத்தது போதும். அவர்களிடமிருந்து வாங்க வேண்டும் என்கிறேன். எதை வாங்குவது என்று சொல்ல வேண்டுமானால் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் தேவனூர் நாட்டில் பிறந்தவன். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பயிற்சி முடித்து, 1984-ல் கீழ்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போனேன். ஊர் பெயர் வேண்டாம், இன்னும் அங்கே எனக்குப் பழகியவர்கள் இருக்கிறார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் "எந்தப் பக்கம்?" என்பார்கள். கொல்லிமலை என்றதும் வீடு ஏற்கெனவே ஆளுக்குச் சொல்லியாகிவிட்டது என்பார்கள். கடைசியில் ஒரு மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அறை கிடைத்தது. பள்ளியில் வாத்தியார், தெருவில் "மலையான்." யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. டீக்கடையில் மரியாதையாக டீ கொடுத்தார்கள். பொங்கலுக்கு ஒரு வீட்டிலிருந்து பொங்கல் கூட வந்தது. ஆனால் ஒன்றரை வருஷம் அந்த ஊரில் நான் இல்லாத மாதிரியே இருந்தேன்.

பிறகு ஒரு பங்குனி மாதம். மாரியம்மன் நோன்பு சாட்டியிருந்தார்கள். ராத்திரி எட்டு மணிக்கு, நோட்டும் டார்ச்சுமாக மூன்று பேர் என் அறைக்கு வந்தார்கள். "வாத்தியாரே, உங்க வீடும் ஒரு தலைக்கட்டுங்க. வரி பதினஞ்சு ரூபா" என்றார் பெரியவர். சம்பளம் வர இன்னும் ஆறு நாள் இருந்தது. டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்த நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து அந்த ஊரே மாறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் தேர் வடம் பிடிக்கும்போது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாமி ஊர்வலம் என் அறை வாசலில் நின்று போனது. வரி கொடுத்த வீட்டு வாசலில் நிற்காமல் போகக் கூடாது, அதுதான் முறை. அடுத்த வருஷம் பள்ளிக்கூடச் சுவர் விழுந்தபோது ஊர்க் கூட்டத்துக்கு எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். நான் பேசினேன், ஒருவர் மறுத்துப் பேசினார், நான் திரும்பப் பேசினேன். அந்தப் பதினஞ்சு ரூபாய் இல்லாமல் நான் மறுத்துப் பேசியிருக்க முடியாது.

நம் மலையிலும் இதே வழக்கம்தான். ஒருவன் இந்த ஊர்க்காரனா இல்லையா என்று தகராறு வந்தால் ஊர்க்கவுண்டர் எதைக் கேட்கிறார்? ரேஷன் கார்டையா? "வரி கொடுக்கறானா?" என்றுதான் கேட்கிறார். பட்டக்காரர் வரைக்கும் போனாலும் கேள்வி அதேதான்.

இனி அந்த முகாம் கதை. 1990-ல் ஈழத்தில் மறுபடி சண்டை வெடித்த பிறகு வந்தவர்களில் ஒரு பகுதியைச் சேலம் ஜில்லாப் பக்கமும் கொண்டுவந்து வைத்தார்கள். நம் மலையின் வடகிழக்கில், தம்மம்பட்டிக்குப் பக்கத்தில் நாகியம்பட்டியிலும் செந்தாரப்பட்டியிலும் முகாம் இருப்பது உங்களுக்குத் தெரியும். முள்ளுக்குறிச்சி வழியாக இறங்கினால் காலைப் பொழுதுக்குள் போய்விடலாம். நம் நாமக்கல் மாவட்டத்திலும் பரமத்தி, மேட்டுப்பட்டி என்று இருக்கிறது. அப்படி ஒரு முகாமின் பிள்ளைகள், பிற்பாடு நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் படித்தார்கள். கணக்கில் கெட்டி. கையெழுத்து அச்சு மாதிரி. "சேர்" என்று கூப்பிடுவார்கள், மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், ஒரு மாதத்தில் மற்றப் பிள்ளைகளும் வேடிக்கைக்கு "சேர்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

1990களின் நடுவில் ஒரு திருவிழாச் சமயம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாய் பள்ளிக்கு வந்து, கைக்குட்டையில் முடிந்த காசை என் மேஜையில் வைத்தாள். "சேர், எங்களிட்டயும் கோயிலுக்குக் காசு வாங்கச் சொல்லுங்கோ. நாங்களும் அம்மாளாச்சியைக் கும்பிடுகிற சனம்தானே" என்றாள். நான் கொண்டுபோய் விழாக் கமிட்டியில் கொடுத்தேன். கமிட்டியார் கெட்டவர்கள் இல்லை. ஒருவர் உச்சுக் கொட்டினார். "பாவம்ங்க, அகதிங்க. அவங்ககிட்ட வரி வாங்கினா நல்லாவா இருக்கும்? வந்து கும்பிட்டுப் போகட்டும், அன்னதானத்துல சாப்பிட்டுப் போகட்டும்" என்றார். முடிச்சை அவிழ்க்காமலே திருப்பித் தந்துவிட்டார்.

அந்த வருஷம் சாமி முகாம் வழியாகப் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை.

இந்தப் "பாவம்ங்க" இருக்கிறதே, இதைத்தான் நான் எதிர்க்கிறேன். அடிக்கிறவனை எதிர்க்கலாம், போலீசில் சொல்லலாம். பரிதாபப்படுகிறவனை என்ன செய்வது? சோறு போட்டுக்கொண்டே வாசலுக்கு வெளியே உட்கார வைப்பான். நாற்பது வருஷம் வெளியே உட்கார வைத்துவிட்டு, பிறகு "எத்தனை நாளைக்குத்தான் சோறு போடறது?" என்று அவனே சலித்துக்கொள்வான். குழுவில் வந்த அந்தச் செய்தி இந்தச் சலிப்புதான். நமக்கு வல்வில் ஓரி பெருமை உண்டு. ஆடி மாதம் செம்மேட்டில் விழா எடுக்கிறோம், கடையெழு வள்ளல்களில் ஒருவர் நம் மலைக்காரர் என்று மார் தட்டுகிறோம். தட்டலாம். ஆனால் வள்ளலிடம் வாங்கியவர் வாங்கிக்கொண்டு தன் ஊருக்குத் திரும்பிப் போனார். போக ஊர் இருந்தது. இங்கே வந்தவனுக்கு அது இல்லை.

எத்தனை பேர் என்று சிலருக்குச் சந்தேகம் இருக்கலாம். கோடிக்கணக்கில் இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நாலு அலையாக, 2010 வரை வந்தவர்கள் மொத்தம் மூன்று லட்சத்துச் சொச்சம். பலர் திரும்பிப் போனார்கள், பலர் வேறு நாடு போனார்கள். 2021-ல் அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் 58,822 பேர். வெளியே, போலீசில் பதிந்துகொண்டு இருப்பவர்கள் 34,087 பேர். ஏழு கோடிக்கு மேல் இருக்கிற தமிழ்நாட்டில் இது ஒரு தாலுகா அளவுகூடத் தேறாது. அதிலும் ஏராளமானவர்கள் இங்கேயே பிறந்தவர்கள், கடலை ரயிலில் போகும்போது மட்டும் பார்த்தவர்கள்.

இங்கே பிறந்தவன் எப்படி அகதி ஆவான்? குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் வைத்திருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பிறகு பிறந்தால் அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு அது இன்னும் இறுகிவிட்டது. ஆக ஒரே தாய்க்கு 1986-ல் பிறந்த பெண் இந்தியப் பிரஜை, 1988-ல் பிறந்த தம்பி அகதி. அந்த மாதிரி முகாமில் பிறந்த ஒரு பெண் உயர் நீதிமன்றம் வரை போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் முதல் முறையாக ஓட்டுப் போட்டதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். வயது நாற்பதை நெருங்குகிறது, அன்றைக்குத்தான் விரலில் மை. 2019 டிசம்பரில் வந்த திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்று நாட்டோடு நின்றுவிட்டது. இலங்கையை எழுத மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்பதை உங்கள் கட்சி நிலவரப்படி நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9-க்கு முன்னால் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டிக்க மாட்டார்கள். தலைக்கு மேல் தொங்கிய கத்தியை எடுத்துவிட்டார்கள். நல்லது. ஆனால் கத்தியை எடுப்பது வேறு, பாயைப் போட்டு உட்காரச் சொல்வது வேறு.

"அங்கேதான் சண்டை முடிந்துவிட்டதே, திரும்பிப் போகட்டுமே" என்பவர்களுக்கு. போக விரும்புகிறவர்கள் போகட்டும், யாரும் காலைப் பிடிக்கவில்லை. ஆனால் 2025-ல் ஐ.நா. அமைப்பு மூலமாக முறையாகத் திரும்பிப் போன ஒரு முதியவரை, அந்தக் காலத்தில் அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போனார் என்று பலாலி விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார்கள். நம் வயதுக்காரர். பாஸ்போர்ட் எடுத்து முத்திரை குத்திக்கொண்டா குண்டு விழும்போது ஓடுவார்கள்?

இதில் இன்னொரு கூத்தும் இருக்கிறது. முகாமில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். அதாவது வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிருந்து காப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போனவர்களின் வாரிசு. எங்கிருந்து போனவர்கள்? திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து. நாமக்கல், முசிறி, துறையூர்ப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். நம் மலையின் அடிவாரம் அது. இன்றைக்கு அகதிகளை முதலில் இறக்கி வைக்கிற மண்டபம் முகாம் இருக்கிறதே, அது அந்தக் காலத்தில் கண்டிக்குப் போகிற கூலிகளை நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று சோதித்து, கப்பலேற்றுவதற்குக் கட்டியது. தாத்தா எந்த வாசல் வழியாகப் போனாரோ அதே வாசல் வழியாகப் பேரன் வந்திருக்கிறான். பேரனைப் பார்த்து "நீ யார்?" என்கிறோம்.

1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் ஒன்றரை லட்சத்தை 1974-ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் வாயைத் திறந்து பார்த்துத்தான் பிடிப்பார்கள். இவர்களிடம் யாரும் வாய் திறக்கச் சொல்லவில்லை. அப்படி வந்தவர்கள் நீலகிரித் தேயிலைக்கும் நூற்பாலைகளுக்கும் போனார்கள். குடியுரிமையோடு வந்தவர்கள்தான். ஆனாலும் ஐம்பது வருஷம் கழித்தும் பல ஊர்களில் அவர்கள் "சிலோன்காரர்", அவர்கள் தெரு "சிலோன் காலனி". காகிதம் கிடைத்தாலும் ஊர் கிடைக்காது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? ஆகவே டெல்லி சட்டத்தைத் திருத்தட்டும், பிறகு பார்க்கலாம் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. டெல்லி கொடுப்பது காகிதம். ஊரைக் கொடுக்க வேண்டியது நாம்.

செய்யவே முடியாத காரியமா இது? கொள்ளேகால் பக்கம் ஒடையார்பாளையத்துக்குப் போயிருக்கிறீர்களா? நம் பர்கூர் மலைக்குப் பின்புறம். திபெத்திலிருந்து வந்தவர்களுக்கு அங்கே நிலம் கொடுத்து, மக்காச்சோளம் போட வைத்து, குடியேற்றம் என்றே பெயர் வைத்தார்கள். பைலகுப்பேயில் 1960 வாக்கிலேயே செய்தார்கள். திபெத்தியனுக்குக் குடியேற்றம், தமிழனுக்கு முகாம். பாஷை தெரியாதவனுக்குக் காடு திருத்திக் கொடுத்தோம், நம் பாஷை பேசுகிறவனுக்கு மாலை ஆறு மணிக்குள் வந்து வருகைப் பதிவில் கையெழுத்துப் போடு என்றோம். கனடாவையும் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 1983-ல் பத்து வயதுப் பையனாக அங்கே போய்ச் சேர்ந்த கேரி ஆனந்தசங்கரி இன்று அந்த நாட்டில் பொதுப் பாதுகாப்பு அமைச்சர். போலீசும் எல்லைக் காவலும் அவர் கையில். அதே காலத்தில் மண்டபத்தில் இறங்கிய பையன் இங்கே வீட்டுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து மாவட்டத்துக்கு வேலைக்குப் போய் ராத்திரி தங்க வேண்டுமானால் கியூ பிரிவுக்கும் தாசில்தாருக்கும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரண்டு பேருக்கும் மூளை ஒன்றுதான். இறங்கிய கரை வேறு.

மறுப்புச் சொல்கிறவர்கள் பேச்சில் நியாயம் உள்ளதும் உண்டு. எங்கள் நாட்டுக்காரர் ஒருவர், என்னைவிட மூத்தவர், சொன்னார்: "வெளியாளைச் சேர்த்துத்தானே தம்பி நம்ம நிலம் போச்சு?" இதை நான் லேசாகத் தள்ள மாட்டேன். மிளகுக்கும் காப்பிக்கும் ஆசைப்பட்டு மேலே வந்தவர்கள், அவசரத்துக்குக் கடன் கொடுத்து, கைநாட்டு வாங்கி, நிலத்தை எழுதிக்கொண்ட கதை ஒவ்வொரு நாட்டிலும் உண்டு. இப்போது ரிசார்ட் என்று வருகிறார்கள். அவர்கள் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் கவனியுங்கள். பணத்தோடு வந்தவனை நாம் "வாங்க முதலாளி" என்றோம், விழாவில் மாலை போட்டோம், கல்வெட்டில் பெயர் வெட்டினோம். வெறுங்கையோடு வந்தவனைத்தான் வந்தேறி என்கிறோம். பயப்பட வேண்டியவனை விட்டுவிட்டுப் பயந்தவனிடம் பயப்படுகிறோம்.

1991-ஐச் சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது மன்னிக்க முடியாதது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டு மனம் கசந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் கசப்பை யார் குடித்தார்கள்? தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் போகக் கூடாது என்று தடுத்தார்கள். மேல்படிப்பில் எம்.ஜி.ஆர். காலத்தில் கொடுத்த இடங்களை எடுத்தார்கள். தப்பு செய்தவனைச் சட்டம் பார்த்துக்கொண்டது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தண்டித்தது நாம். அந்த இருட்டிலும் அவர்களுக்குள்ளேயே ராத்திரிப் பாடசாலை நடத்திப் பிள்ளைகளைத் தேற்றியவர்கள் உண்டு. தந்தை செல்வாவின் மகன் சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அதில் முக்கியமானது. கவனியுங்கள், அதுவும் அகதிகளே அகதிகளுக்குச் செய்தது. ஊர்க்காரர் செய்தது எது?

நான் முகாமோடு நிறுத்த மாட்டேன். இப்போது நம் மாவட்டத்தில் கோழிப்பண்ணையிலும், லாரிக்குக் கூண்டு கட்டுகிற பட்டறையிலும், ரிக் வண்டியிலும் ஒரிசாவும் பீகாரும் ஜார்க்கண்டும்தான். மலையில் கட்டட வேலைக்கும் வந்துவிட்டார்கள். 2023 மே மாதம் ஜேடர்பாளையம் பக்கம் வெல்ல ஆலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரிசாப் பையன்கள் மேல் தீயைப் போட்டார்கள். யாரோ செய்த குற்றத்துக்கு யாரோ வெந்தார்கள். அந்தப் பையன்களின் பெயர் அக்கம்பக்கத்தில் ஒருவருக்காவது தெரிந்திருக்குமா? "வடக்கத்தியான்" என்ற ஒரே பெயரில் எல்லோரையும் கூப்பிடுகிற ஊரில் தீ வைப்பது சுலபம். வரி நோட்டில் பெயர் ஏறியவன் வீட்டில் தீ வைத்தால் ஊரே ஓடி வரும்.

நாம் யார் என்பதையும் மறந்துவிட்டுப் பேசுகிறோம். நம் பெரியவர்கள் சொன்ன கதைப்படி நாம் இந்த மலையில் முளைத்தவர்கள் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து கரிராமன் சாமியோடு வந்தவர்கள். அண்ணன் தம்பி மூன்று பேர், மூன்று மலைக்குப் பிரிந்தார்கள். வந்த இடத்தில் இருந்த குலங்களிலேயே பெண் எடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் "நீங்கள் பாவம், சாப்பிட்டுவிட்டு வெளியே இருங்கள்" என்று சொல்லியிருந்தால் இன்றைக்குப் பதினாலு நாடு ஏது, தேவனூர் நாடு ஏது? நம் காட்டில் விளைகிற குச்சிக்கிழங்கு பிரேசில் பக்கத்தது, அன்னாசியும் அப்படியே, மிளகுக் கொடி ஏறுகிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதையெல்லாம் யாரும் பிடுங்கி எறியவில்லை. விலை கிடைக்கிறது.

காகிதம் இல்லாதவன் படுகிற பாடும் நமக்குத் தெரியாததல்ல. நம் மலையாளி சனம் சேலம், நாமக்கல், தர்மபுரியில் பழங்குடி. பர்கூர் மலை ஏறினால் அதே சனம், அதே சாமி, அதே பேச்சு. ஆனால் ஈரோடு மாவட்டம் அட்டவணையில் இல்லை என்பதால் அங்கே அந்தச் சான்றிதழ் கிடையாது. மாவட்டக் கோடு குறுக்கே போனதால் ஒரு பெண்ணின் படிப்பு நின்று போனதை என் சொந்தத்திலேயே பார்த்தவன் நான். அதற்காக நாம் கொதிக்கிறோம், நியாயம். கடல் கோடு குறுக்கே போனவனுக்காகக் கொஞ்சம் வெதுவெதுப்பாகவாவது ஆகலாம்.

என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. முகாம் இருக்கிற ஊர்க்காரர்கள் அடுத்த நோன்புக்கு நோட்டை எடுத்துக்கொண்டு முகாமுக்கும் போங்கள். தள்ளுபடி வேண்டாம், எல்லோருக்கும் என்ன வரியோ அதே வரி. சாமியும் அந்த வழியாக வரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோராக உட்கார ஓட்டு வேண்டியதில்லை, பிள்ளை படித்தால் போதும். அவர்கள் பெயரையும் முன்மொழியுங்கள். பட்டறை வைத்திருப்பவர்கள் முகாம் பையனைத் தினக்கூலி பெயிண்டராகவே வைத்திருக்காமல் கணக்கு நோட்டையும் அவன் கையில் கொடுத்துப் பாருங்கள். பி.காம். படித்தவன்தான் பெயிண்ட் அடிக்கிறான்.

ஓய்வு பெற்ற நமக்கென்று ஒரு வேலை இருக்கிறது. நம் குழுவில் முன்னாள் கிராம நிர்வாக அலுவலர்கள் நாலு பேர், தலைமையாசிரியர்கள் ஆறு பேர், பத்திரப் பதிவில் இருந்தவர் ஒருவர். பழைய காகிதத்தைப் படிப்பதில் நம்மை மிஞ்சியவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை. 1987-க்கு முன்னால் இங்கே பிறந்து பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள், தாத்தாவின் தோட்டத்துச் சீட்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு அது என்னவென்று தெரியாதவர்கள், முகாம்களில் இருக்கிறார்கள். 2019 ஜூனில் மதுரைக் கிளையில் இப்படி 65 பேர் வழக்குப் போட்டபோது, அவர்கள் குடியுரிமை கேட்டு மனுச் செய்யலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று நீதிபதி சுவாமிநாதன் தீர்ப்புச் சொன்னார். மனு எழுத ஆள் வேண்டும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பழைய பக்கத்தைத் தேடி எடுக்க, எந்த ஆபீசில் எந்த பீரோவில் எது கிடக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும். கட்டை விரல் காட்டுவதற்கு ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம் ஆகும்.

நம் ஓய்வூதியர் சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தில் இதைப் பொருளாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். செயலாளர் யோசித்துச் சொல்கிறேன் என்றார், பிறகு சரி என்றார். கூட்டம் வழக்கம்போல முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு. முகாமிலிருந்து இரண்டு பேரை அழைத்திருக்கிறேன். அவர்களுக்கும் டீ, பிஸ்கட் செலவில் பங்கு உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன், தலைக்கு இருபது ரூபாய். அந்தச் செய்தியை அனுப்பிய நண்பர் கட்டாயம் வர வேண்டும். அவர் கையெழுத்து நன்றாக இருக்கும், மனு எழுத உதவும். மற்றவர்கள் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள்.